விளக்குக்காரனுக்கு ஒரு பூசை

கப்பல் நாடகம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் வெள்ளிவிழாச் சிறப்புப் பகுதியைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் பள்ளிமுனையில் ஒரு கூட்டம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த கதையை நான் எழுதப்போவதால், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் அதைப் பார்த்தது என் அக்காவுக்காக. அவளைத் தனியே அதற்கு முன்னால் இருக்க விட எனக்குப் பயமாக இருந்தது.

அது ஒரு வெளிநாட்டு நாடகம். நாங்கள் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தமிழில் குரல் கொடுத்துப் போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் வாயை மூடிய பிறகும் தமிழ் வந்துகொண்டிருக்கும். நட்சத்திரங்களுக்கு நடுவே தபாலும் சரக்கும் ஏற்றிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகும் ஒரு பெரிய கப்பல். அதில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர். பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. இயந்திரம் பழுதாகும், சாப்பாடு தட்டுப்படும், யாருக்காவது வீட்டு நினைவு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் எங்களில் ஒருவருக்கும் நாக்கில் நுழையவில்லை. முகாம் முழுவதும் அதைக் கப்பல் நாடகம் என்றுதான் சொன்னது.

ஆம்பிளைகளுக்கு அதில் அப்படியொரு பைத்தியம். பாவம், கடலில் பிறந்து கடலில் வளர்ந்தவர்கள், அங்கே கடலுக்குப் போக விடாமல் வாரம் முழுக்க ஊரான் வீட்டுச் சுவருக்குப் பெயின்ற் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் கப்பலில் ஏறிவிடுவார்கள். திருப்புகிறான் பார், ஓட்டத்துக்கு எதிரே திருப்புகிறான், விசரன், என்று திரையைப் பார்த்து ஏசுவார்கள். ஆகாயத்தில் ஓட்டம் ஏது நீரோட்டம் ஏது என்று நான் கேட்டால், உனக்கு என்ன தெரியும், வாயை மூடு என்பார்கள்.

அந்தக் கப்பலின் முகப்பில் ஒரு விளக்கு இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஒருவன். எல்லாரையும் பகிடி பண்ணிச் சிரிக்கிற, எப்போதும் பசிக்கிற, ஒரே சட்டையோடு திரிகிற ஒருவன். முகாமில் அவனை விளக்குக்காரன் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கு அணைந்துபோனது. அவன் ஒரு சின்ன வள்ளத்தில் ஏறி வெளியே போனான். விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்து ஏதோ புழுதிப் புயல் ஒன்று வந்தது. கப்பல் விலகி ஓடவேண்டியதாயிற்று. விளக்குக்காரன் திரும்பி வரவில்லை. செத்தான் என்றும் காட்டவில்லை, இருக்கிறான் என்றும் காட்டவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் நாடகம் ஓடியது. சாப்பாட்டு மேசையில் அவனுடைய கதிரையில் மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அன்று அத்தான் எங்களோடு இருந்துதான் பார்த்தார். அக்காவின் புருசன். அவரும் பகிடிக்காரர்தான். அக்கா கண்ணைத் துடைப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"உதுக்குப் போய் அழுறீர். அவன் வருவான், இருந்து பாரும். சாப்பாட்டு நேரத்துக்கு வராமல் இருப்பானே?"

அடுத்த வருடம் அத்தான் போனார். இந்தக் கரையில் அடம்பனில் இருந்த அவருடைய தாய்க்கு வருத்தம் கடுமை என்று செய்தி வந்தது. போர் உச்சத்தில் இருந்த நேரம். அக்கா காலில் விழாத குறை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று படகேறினார். ஏற்றிவிட்டவர்கள் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். இந்தக் கரையில் இறங்கியதைக் கண்டவர் ஒருவருமில்லை. நேவி பிடித்தது என்றார்கள். படகு கவிழ்ந்து தாண்டது என்றார்கள். இறங்கினார், பிறகு கொண்டுபோய்விட்டார்கள் என்றும் சொன்னார்கள். மூன்றுக்கும் சாட்சி கிடையாது. தாய்க்காரி மகனைக் காணாமலே போய்ச் சேர்ந்தாள்.

போர் முடிந்த பிறகு நாங்கள் ஊருக்கு வந்தோம். அக்கா, அவளுடைய ஒரே மகள், நான். முதலில் தறப்பாள் கொட்டில், பிறகு வீட்டுத்திட்டத்தில் சாந்து பூசாத இரண்டு அறை. நானும் அக்காவும் நண்டுக் கம்பனியில் சதை பிரிக்கும் வேலைக்குப் போனோம். மகள் பள்ளிக்கூடம் போனாள். அவள் முகாமில் வளர்ந்தவள், வாயைத் திறந்தால் இந்தியத் தமிழ்தான் வரும். வகுப்பில் அவளை இந்தியாக்காரி என்று கூப்பிட்டார்கள். அங்கே எங்களைச் சிலோன்காரர் என்று கூப்பிட்டதை நினைத்து நான் சிரித்துக்கொண்டேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது.

அத்தானைத் தேடி அக்கா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. நானும் கூடவே ஏறி இறங்கினேன், ஏனென்றால் அங்கே நான் தேவைப்பட்டேன். காணாமல் போனவரின் பெயர் என்ன என்று கேட்பார்கள். அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். நான்தான் சொல்லவேண்டும். புருசனுடைய பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் பலர் அப்படித்தான். புருசன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்பார்கள். அக்கா ஒன்றும் பழைய ஆள் இல்லை, படித்தவள். ஆனாலும் அத்தான் காணாமல் போன பிறகு அந்தப் பிடி இன்னும் இறுகிவிட்டது. ஒருமுறை ஒரு விசாரணையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எரிச்சல்பட்டு, "புருசன்ர பேர்கூடத் தெரியாமலோ தேடுறீங்கள்?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையையே தூக்கி எறிந்திருப்பேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். நான் பெயரைச் சொன்னேன்.

நாங்கள் கத்தோலிக்கர்; கந்தோர்களில் களைத்த பிறகு மிஞ்சியது கோயில். எங்கள் கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பதென்றால் இரண்டு விதம். இருக்கிறவர்களுக்குச் சுகத்துக்காக, செத்தவர்களுக்கு ஆத்துமா இளைப்பாற்றிக்காக. பூசை தொடங்கும்போது சுவாமியார் பீடத்தில் நின்று, இன்றைய பூசை இன்னாருக்காக என்று பெயரோடு வாசிப்பார். அக்கா மாதத்துக்கு ஒருமுறை, பூசைக்குப் பெயர் எழுதும் கோயில் மூப்பரிடம் போவாள்.

"அவருக்கு. சுகமாய் வந்துசேர."

அவ்வளவுதான் சொல்லுவாள். மூப்பர் வயது போனவர், அக்காவைச் சின்னப் பிள்ளையில் இருந்து தெரிந்தவர். பெயரைக் கேட்கமாட்டார். தானே சொல்லிவிடுவார், தானே சுவாமியாரிடம் கொடுத்துவிடுவார். பீடத்தில் அத்தானுடைய பெயர் உயிரோடு இருப்பவர்களின் பக்கத்தில் வாசிக்கப்படும். அன்றைக்கு மட்டும் அக்கா ஒழுங்காகச் சாப்பிடுவாள். செத்தவர்களின் பக்கத்தில் அந்தப் பெயரை ஒருநாளும் வாசிக்காதவரை அத்தான் இருக்கிறார். அவள் அதை வாயால் சொன்னதில்லை, ஆனால் அவளுடைய உலகம் அந்த ஒரு ஆணியில்தான் தொங்கியது.

இந்த நிலையில்தான் கப்பல் நாடகத்தின் வெள்ளிவிழா வந்தது.

எங்களோடு முகாமில் இருந்த சம்மாட்டியார், மூன்று படகுக்குச் சொந்தக்காரராக இருந்து ஒன்றுமில்லாமல் போய், இப்போது மறுபடி ஒரு படகு வாங்கியிருந்தார். படகுக்கு வலை வாங்குவதற்கு முதல் வீட்டுக்கு இந்தியன் டிஷ் பூட்டினார். கேட்டால் மீன்காரனுக்குக் காலநிலை பார்க்கவேண்டும் என்பார். அவர் பார்த்தது கப்பல் நாடகம். முகாமில் இருந்து திரும்பிய பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர் ஞாயிறு பூசை முடிய அவருடைய முன் அறையில்தான் நிற்பார்கள். ஒருநாள் அக்கா அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகம் அப்படியே வேறாக இருந்தது.

"விளக்குக்காரன் வாறானாம்."

"ஆர் சொன்னது?"

"போட்டுக் காட்டினவங்கள். வெள்ளிவிழாவுக்குச் சிறப்புப் பகுதியாம். அவன்ர சட்டையைக் காட்டி, அவர் திரும்புகிறார் எண்டு பெரிசாய் எழுதினவங்கள். நான் சொன்னனான்தானே? உன்ர அத்தான் அண்டைக்கே சொன்னவர்தானே, வருவான் எண்டு?"

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அது நாடகம் அக்கா, சம்பளத்துக்கு எழுதுகிறவன் எழுதுகிறான் என்று. சொல்லிப் பார்த்தேன்தான். ஓம் ஓம், எனக்கு விளங்கும், நான் என்ன விசரியே என்றாள். ஆனால் அந்த மாதம் முழுக்க அவள் பாட்டுப் பாடிக்கொண்டு நண்டு பிரித்தாள். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மகளுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாள். கம்பனியில் பெண்கள் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்கள்.

மகள் கைத்தொலைபேசியில் உலகத்துச் செய்தி எல்லாம் கொண்டுவருவாள். அந்த நாடகத்துக்கு எங்கெங்கோ ஆட்கள் இருந்தார்கள். சென்னையில், மலேசியாவில், பெயர் தெரியாத நாடுகளில். எல்லாரும் ஒரே கொண்டாட்டம். விளக்கின் படத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்ட ஒருத்தனைக் காட்டினாள். "அம்மாவ மாதிரியே எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க சித்தி" என்றாள். அவளுக்கு அப்பாவின் முகம் படத்தில் பார்த்ததுதான். அம்மா சிரிப்பதைப் பார்க்க அவளுக்குச் சந்தோசம். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்மாட்டியார் வீட்டில் பெருநாள் மாதிரி. முற்றத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவருடைய மனைவி எல்லாருக்கும் பால் தேத்தண்ணி கொடுத்தார். அக்காவுக்கு முன்னால் கதிரை போட்டார்கள். நான் அவளுக்குப் பின்னால் சுவரோடு நின்றேன்.

முதல் அரை மணித்தியாலம் நன்றாகத்தான் போனது. கப்பலில் ஏதோ பாரம் கூடிவிட்டது, எங்கோ இழுக்கிறது, என்னவென்று தேடுகிறார்கள். கப்பலுக்கு அடியில் ஒருவன் இறங்கிப் போகிறான். அங்கே, முகப்பு விளக்குக்கு நேர் கீழே, இரும்புக்கு இடையில் செருகிக்கொண்டு அந்தச் சின்ன வள்ளம். உள்ளே விளக்குக்காரன். சட்டை அப்படியே இருந்தது. அவன் போன முதல் நாளே செத்திருந்தான். புயலில் அள்ளுண்டு போகவே இல்லை, கப்பலோடு மோதி அங்கேயே மாட்டிக்கொண்டுவிட்டான். அவனைத் தேடித் தேடிக் கிரகம் கிரகமாகப் போன காலமெல்லாம் கப்பல் அவனைத் தன் அடியிலேயே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. பிறகு ஒரு நீளமான அடக்கம். அவனுடைய கதிரையைத் தூக்கி வெளியே விட்டார்கள். அது உருண்டு உருண்டு இருட்டுக்குள் போனது. பாட்டோடு நாடகம் முடிந்தது.

முன் அறையில் ஒரே நேரத்தில் எல்லாரும் கத்தினார்கள். ஒருத்தி தலையில் அடித்து அழுதாள். மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் வேலை செய்யும் ஒருவர், கொன்றுபோட்டாங்கள், வேணுமெண்டு கொன்றுபோட்டாங்கள் என்று எழும்பி நின்று சத்தம் போட்டார். சம்மாட்டியார் தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கி எறிந்தார்.

"பொய்! அடியில ஒரு வள்ளம் கொழுவிக் கிடந்தால் கப்பல் ஒரு பக்கம் இழுக்காதே? இவ்வளவு வருசமாய் ஓட்டினவனுக்கு அது தெரியாமல் போகுமே? உவங்கள் ஒருநாளும் கடலைக் கண்டதில்லை. கரையில இருந்து எழுதிற நாய்கள்!"

அக்கா எழும்பினாள். தேத்தண்ணிக் கோப்பையை உள்ளே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு, வாங்கோ போவம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரம் முழுக்க எங்கும் அதே கதைதான். கம்பனியில் நண்டு பிரிக்கும் மேசையில் இரண்டு கட்சி. செத்தது நல்லது, இழுத்து இழுத்து எவ்வளவு காலம் வைத்திருப்பது என்றவர்கள் ஒரு பக்கம். விட்டிருந்தால் என்ன, அவன் பாட்டுக்கு எங்கேயோ இருந்திருப்பானே என்றவர்கள் மறுபக்கம். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கவனித்தேன், முதல் கட்சியில் இருந்தவர்கள் எல்லாம் வீட்டில் செத்தவர்களை அடக்கம் செய்தவர்கள். மற்றக் கட்சியில் இருந்தவர்களுக்கு அடக்கம் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை.

வெளிநாடுகளிலும் அதே கூத்துத்தான் என்று மகள் சொன்னாள். "சித்தி, இங்க பாருங்க, மெட்ராசுல ஒருத்தன் மொட்டையே அடிச்சிட்டான். எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புறாங்க, அவரத் திருப்பிக் கொண்டு வரணும்னு." அக்கா அதைக் கேட்டபடி மாவை அரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் அவள் வழக்கமான பூசைக்குக் கொடுக்கவில்லை. வேறொன்று செய்திருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. விளக்குக்காரனுக்கு ஆத்துமப் பூசை கொடுக்க நினைத்திருக்கிறாள். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அவளுக்கு அழவேண்டும் போல் இருந்திருக்கிறது. அத்தானுக்காக அழுதால் அத்தானைக் கொன்றதாகிவிடும். ஒரு பூசை, ஒரு மெழுகுதிரி, முட்டுக்கால் போட்டு ஒரு அழுகை. அதை ஒரு நாடகக்காரனுக்கு அழுதால் யாருக்கு என்ன நட்டம்? இதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள்.

மூப்பரிடம் போயிருக்கிறாள். ஆத்துமா இளைப்பாற்றிக்கு ஒரு பூசை என்றிருக்கிறாள். ஆருக்குப் பிள்ளை என்று அவர் கேட்டிருக்கிறார். தொலைக்காட்சியில் வருகிறவனுக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. வெட்கம்.

"வள்ளத்தில போய் வராமல் விட்டவருக்கு" என்றாள்.

மூப்பருக்குக் கண் கலங்கிவிட்டதாம். அக்காவின் தலையில் கையை வைத்தாராம். "போதும் பிள்ளை. நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். எனக்கு விளங்குது. நான் பார்க்கிறன்."

அக்கா நிம்மதியாக வந்துவிட்டாள். பெயர் இல்லாமல் வாசிப்பார்கள் என்று நினைத்தாள். மூப்பர் ஒருநாளும் அவளிடம் பெயரைக் கேட்டதில்லை, ஒருநாளும் பெயர் இல்லாமல் கொடுத்ததுமில்லை. அதை அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமைப் பின்னேரப் பூசை. வழக்கத்தைவிடச் சனம் கூடவாக இருந்தது; மூப்பர் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார். அக்கா முன்வரிசை வாங்கில் இருந்தாள், நானும் மகளும் பக்கத்தில். என்ன பூசை என்று எங்களுக்குத் தெரியாது. சுவாமியார் பீடத்துக்கு வந்தார். ஆத்துமா இளைப்பாற்றிக்காக என்று தொடங்கி, அத்தானுடைய பெயரைத் தகப்பன் பெயரோடு முழுதாக வாசித்தார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் இறங்கியது. இல்லை, இல்லை என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. எழும்பிக் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழும்பவில்லை. பூசை முடியும்வரை அவள் கண் பீடத்தில் சுவாமியார் கையை விட்டு அசையவில்லை. மகள் என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்க முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். செத்த வீட்டுக்கு வருகிற மாதிரியே சீனியும் தேயிலையும் கொண்டு வந்தார்கள். பெண்கள் அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள். ஆம்பிளைகள் முற்றத்தில் மணலில் இருந்தார்கள். யாரோ வெள்ளைத் துணி கட்டப் போனார்கள், நான் தடுத்தேன். மூப்பர் வாசல் படலைக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய முகத்தில் ஒரு ஆறுதல் இருந்தது; இவ்வளவு காலமாகப் பயந்த ஒரு வேலையைப் பிள்ளை தானாகவே செய்து முடித்துவிட்டாள் என்ற ஆறுதல். அடம்பனில் இருந்து கடைசி பஸ்ஸில் அத்தானின் தங்கச்சி வந்தாள். இவள் சண்டைக்கு வருவாள், என் அண்ணனைச் சாகடித்துவிட்டீர்களா என்று கேட்பாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் வந்து அக்காவின் தோளில் விழுந்தாள்.

"இப்பவாவது பூசை குடுத்தீங்களே அண்ணி. நாங்கள் எப்பவோ குடுத்திட்டம், உங்களுக்குச் சொல்லேல்லை."

அப்போதுதான் அக்கா சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒருவருடைய முகத்திலும் அதிர்ச்சி இல்லை. கவலை இருந்தது, இரக்கம் இருந்தது, அதிர்ச்சி மட்டும் இல்லை. இந்த ஊர் முழுக்க அத்தானை எப்போதோ அடக்கம் செய்துவிட்டு, அக்காவுக்காகச் சத்தமில்லாமல் காத்திருந்திருக்கிறது. அத்தானை உயிரோடு வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

"நீங்கள் எல்லாரும் அழுது முடிச்சிட்டியள்" என்றாள். "எனக்கு ஒருதரும் சொல்லேல்லை."

பிறகு அது அத்தானுக்குக் கொடுத்த பூசை இல்லை, நாடகத்தில் செத்த விளக்குக்காரனுக்குக் கொடுத்தது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். மூப்பர் படலையைப் பிடித்தபடி அப்படியே மணலில் குந்திவிட்டார். எழும்பிப் போவார்கள் என்று நினைத்தேன். சம்மாட்டியார்தான் வாயைத் திறந்தார்.

"சரி, இருக்கட்டும். அவனுக்கும் ஒருதரும் கூடியிருந்து அழேல்லைதானே. தேத்தண்ணியை ஊத்துங்கோ."

இருந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். யாருக்காக இருக்கிறோம் என்று கேட்கவில்லை. அக்கா அழவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

அடுத்த நாள் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், தவறுதலாக வாசிக்கப்பட்டது என்று அறிவிக்கலாம், இனி வழமைபோல் சுகத்துக்காக வாசிக்கலாம் என்றார். நல்ல மனுசன். அக்கா யோசித்தாள்.

"வேண்டாம் சுவாமி. வாசிச்சதைச் சனம் கேட்டிட்டுது. அவருக்கும் கேட்டிருக்கும்."

அதன் பிறகு அவள் எந்தப் பக்கமும் பூசை கொடுக்கவில்லை. மாதங்கள் போயின. பாட்டும் இல்லை. நண்டு பிரிக்கும்போது கத்தி கையில் வெட்டினாலும் பார்க்கமாட்டாள். எனக்கு அந்த நாடகம் எழுதியவனைக் கண்டால் இரண்டு கேள்வி கேட்கவேண்டும் போல் இருந்தது. அவன் எந்த நாட்டில் எந்தக் கதிரையில் இருந்து எழுதினானோ.

ஒக்டோபர் முடியும் நேரம், சம்மாட்டியார் மழையில் நனைந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடியதை நான் பார்த்ததில்லை. பின்னால் அக்காவின் மகள், கையில் தொலைபேசியோடு.

"பிள்ளை! அவன் சாகேல்லையாம்! உலகம் முழுக்கச் சனம் கத்தின கத்தலில பயந்திட்டாங்கள். அந்தப் பிணம் வேற ஆளாம். இவன்ர சட்டையைப் போட்டுக்கொண்டு போன வேற ஆளாம். விளக்குக்காரன் வாற வருசம் உயிரோட வாறானாம்!"

"நிஜந்தாம்மா. அவங்களே சொல்லிட்டாங்க" என்றாள் மகள்.

அக்கா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள், எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. சம்மாட்டியாருக்குத் தலை துடைக்கத் துவாய் எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லது அண்ணை. அவன் வரட்டும். சனம் கத்தினதைக் கேக்க அவனுக்கு எழுதிறவன் ஒருத்தன் இருக்கிறான்." துவாயை வாங்கிக் கொடியில் போட்டாள். "நான் கத்தினதை ஆர் கேட்டது?"

சம்மாட்டியார் மழை விடும்வரை கூட நிற்கவில்லை, போய்விட்டார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அக்கா கோயில் பக்கம் திரும்பினாள். நானும் பின்னால் போனேன். சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குச் செத்தவர்களின் பெயர்களை மூப்பர் எடுத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அக்காவைக் கண்டதும் மூப்பர் எழும்பிவிட்டார். அந்தப் பூசைக்குப் பிறகு அவர் அவளுடைய கண்ணைப் பார்த்துக் கதைத்ததில்லை.

"சுகத்துக்கோ பிள்ளை?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை. ஆத்துமாவுக்கு."

மூப்பர் ஒன்றும் எழுதவில்லை. இந்த முறை தானாக எழுதுவதற்கு அவருக்குத் துணிவில்லை. பெயருக்காக என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு அத்தானுடைய பெயரைச் சொன்னாள். அவளுடைய குரலில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மூப்பருக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொருக்கால் சொல்லு பிள்ளை என்றார்.

அக்கா இன்னொருக்கால் சொன்னாள், அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்க.